மூன்று நிமிடப் படம் ஒன்றை முடிப்பது எப்படி: சினிமா படிக்க வந்திருக்கும் முதலாண்டுக்காரர்களுக்கு

காலேஜில் சேரும்போது எல்லோரிடமும் ஒரு பெரிய கதை இருக்கும். நாற்பது நிமிடம் ஓடும், ஐந்து லொகேஷன், நடுவில் ஒரு மழை சீன், கடைசியில் கடல். என்னிடமும் இருந்தது. இப்போது படிப்பை முடித்து வெளியே வந்தபின் என்னோடு படித்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தால், ஹார்ட் டிஸ்க்கில் பாதியில் நின்ற படம் இல்லாத ஆள் ஒருவர்கூடக் கிடையாது. சிலரிடம் மூன்று, நான்கு. பாதியில் நின்றதற்குத் திறமை இல்லாதது காரணமே இல்லை. முதல் படத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட ஆசைப்பட்டோம், இரண்டாம் நாள் ஷூட்டிங்கோடு பணம் தீர்ந்தது, நடித்தவர் முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றார், பரீட்சை வந்தது, அவ்வளவுதான்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: சின்னதாக எடுங்கள், எடுத்ததை முடித்துவிடுங்கள். மூன்று நிமிடம் போதும். முடிப்பது என்றால் சவுண்ட் மிக்ஸ் செய்து, டைட்டில் போட்டு, சப்டைட்டில் போட்டு, உங்களைத் தெரியாத பத்துப் பேருக்குத் திரையிட்டுக் காட்டுவது வரை. ஒரு வருஷத்தில் இப்படி ஆறு படம் முடித்தவருக்குத் தெரிகிற விஷயம், இரண்டு வருஷம் ஒரே ஸ்கிரிப்ட்டைத் திருத்திக்கொண்டிருப்பவருக்குத் தெரியாது. எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரிந்த வரிசையில் எழுதுகிறேன்.

முதலில் பார்ப்பது

சினிமா மாணவர் என்றால் ஒரு நாளைக்கு ஒரு படம் பார்க்க வேண்டும் என்று சீனியர்கள் சொல்வார்கள். நான் முதல் வருஷம் அப்படித்தான் பார்த்தேன், வருஷக் கடைசியில் இருநூற்றுச் சொச்சம் பெயர்கள் நோட்டில் இருந்தன, ஆனால் அதில் பாதிப் படங்களில் ஒரு ஷாட்டைக்கூட என்னால் நினைவிலிருந்து வரைய முடியவில்லை. இரண்டாம் வருஷம் முறையை மாற்றினேன். வாரத்துக்கு இரண்டு படம், அதில் ஒன்றை மூன்று தடவை.

முதல் தடவை நோட்டு, பேனா எதுவும் வேண்டாம். சாதாரண ரசிகராக உட்காருங்கள், அழுகை வந்தால் அழுங்கள். முடிந்தால் தியேட்டரில் பாருங்கள். போனில் பார்த்தால் ஒரு லாங் ஷாட் எத்தனை நொடி தாங்கும் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது, ஏனென்றால் உள்ளங்கை அளவுத் திரையில் லாங் ஷாட்டில் இருப்பவர் எறும்பு அளவுதான் இருப்பார். இரண்டாம் தடவை சவுண்டை முழுக்க அணைத்துவிட்டுப் பாருங்கள். கேமரா எப்போது நகர்கிறது, யார் முகத்திலிருந்து யார் முகத்துக்கு ஷாட் மாறுகிறது, கதாபாத்திரம் எந்தப் பக்கம் பார்க்கிறது எல்லாம் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். மூன்றாம் தடவை திரையைத் துணியால் மூடிவிட்டு ஒரு இருபது நிமிடம் கேட்க மட்டும் செய்யுங்கள். ஒரு வசனத்துக்குப் பின்னால் எத்தனை சத்தங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன என்று கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். குக்கர் விசில், தூரத்து ரயில், பக்கத்து வீட்டு டிவி, ஒன்றும் தானாக வந்து விழுந்ததில்லை, யாரோ ஒருவர் உட்கார்ந்து வைத்தது.

பிறகு அதே படத்தில் உங்களை உலுக்கிய ஒரு சீனை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று நிமிடத்துக்குள் இருக்கட்டும். நோட்டில் ஒவ்வொரு ஷாட்டையும் எழுதுங்கள்: எத்தனை நொடி, குளோசப்பா மிட் ஷாட்டா, கேமரா கண் உயரத்தில் இருக்கிறதா கீழே இருக்கிறதா, அடுத்த ஷாட்டுக்கு மாறும் வெட்டு எந்த அசைவில் விழுகிறது. இதற்கு ஒரு ராத்திரி ஆகும், முதுகு வலிக்கும். மறுநாள் நண்பர்கள் இரண்டு பேரை வைத்து, போனிலேயே, அந்த சீனை ஷாட்டுக்கு ஷாட் அப்படியே எடுத்துப் பாருங்கள். எங்கேயும் போடுவதற்காக இல்லை, கை பழகுவதற்காக. பாட்டு கற்றுக்கொள்பவர்கள் குரு பாடியதைத் திருப்பிப் பாடுவது போலத்தான் இதுவும். ஒரு சாதாரணச் சாப்பாட்டு மேசைக் காட்சிக்குக் கேமராவை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று உடம்பால் புரிந்துகொள்ள எனக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

சென்னையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நுங்கம்பாக்கத்தில் பிரெஞ்சுக் கலாசார மையமான அலியான்ஸ் பிரான்சேஸும் ஜெர்மன் கலாசார மையமான மாக்ஸ் முல்லர் பவனும் இருக்கின்றன, அங்கே அவ்வப்போது படம் போடுகிறார்கள், நிகழ்ச்சி அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே இருங்கள். டிசம்பரில் இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் நடத்தும் சர்வதேசத் திரைப்பட விழா, 2003-லிருந்து நடக்கிறது. அதே டிசம்பரில் திருவனந்தபுரத்தில் கேரளத்தின் விழா, 1996-ல் ஆரம்பித்தது. இரண்டுக்கும் மாணவர் கட்டணம் குறைவு. கேரள விழாவுக்கு ஒரு தடவையாவது போய்விடுங்கள். காலை ஒன்பது மணிக் காட்சிக்கு ஆட்டோ டிரைவரும், ரிட்டயர்டு டீச்சரும், காலேஜ் பிள்ளைகளும் ஒரே க்யூவில் நிற்பதைப் பார்த்தால் சினிமா மேலேயே ஒரு மரியாதை வரும். ஆனால் விழாவில் ஒரு நாளைக்கு ஐந்து படம் என்று வெறி பிடித்து ஓடாதீர்கள். மூன்றாவது படத்துக்கு மேல் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். மூன்று பாருங்கள், நடுவில் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்ததைப் பற்றி அரைப் பக்கம் எழுதுங்கள். "நல்லா இருந்தது", "லேக்" (இழுவை) என்ற இரண்டு சொல்லையும் அந்த அரைப் பக்கத்தில் பயன்படுத்தக் கூடாது என்று வைத்துக்கொண்டால் எழுத்து தானாக உருப்படும்.

மூன்று நிமிடத்துக்கு என்ன கதை

இரண்டு பேர், ஒரு இடம், ஒருவருக்கு ஏதோ ஒன்று வேண்டும், இன்னொருவர் தரவில்லை. இதை வைத்துக்கொண்டு எழுதுங்கள். அப்பாவிடம் ஃபீஸ் கேட்க வேண்டும், அவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். ஹவுஸ் ஓனர் அம்மா வாடகை கேட்க மேலே வருகிறார், பையன் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கி நிற்கிறான். உங்கள் தெருவில், உங்கள் வீட்டில் நடப்பதுதான் உங்களுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். கொலை, தற்கொலை, கனவு கண்டு விழிப்பது, மூன்றையும் முதல் வருஷம் தொடாமல் இருந்துவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். க்ளாஸில் போட்ட படங்களில் பாதி இந்த மூன்றில்தான் முடிந்தன. முடிக்கத் தெரியாதபோதுதான் ஆளைக் கொல்கிறோம் என்று ஒரு ஆசிரியர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஸ்கிரிப்டில் ஒரு பக்கம் என்றால் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஆக மூன்று பக்கம். வசனம் எழுதியதும் சத்தமாக வாசித்துப் பாருங்கள், வாயில் இடறும் இடத்தை வெட்டுங்கள். திருநெல்வேலிக்காரர் வேடத்துக்குத் திருநெல்வேலிக்காரரிடமே வசனத்தைக் கொடுத்து "நீங்க இத எப்படிச் சொல்வீங்க" என்று கேளுங்கள். எழுதி வைத்ததைவிட அவர் சொல்வது நிச்சயம் நன்றாக இருக்கும்.

லொகேஷனை எழுதும்போதே முடிவு செய்துவிடுங்கள். ரயில் நிலையத்தில் படம்பிடிக்க ரயில்வேயிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், மெட்ரோவுக்கும் அப்படித்தான். மெரினாவில் ட்ரைபாடை விரித்தால் கொஞ்ச நேரத்தில் யாராவது வந்து பேப்பர் கேட்பார்கள். மொட்டை மாடி, சமையலறை, வாடகை ரூம், நண்பரின் மாமா வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடை, இவற்றுக்கு ஒரு போன் போதும். கடைக்காரரிடம் மட்டும் நேரில் போய், எத்தனை மணி நேரம், எத்தனை பேர் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் என்று சொல்லிவிட்டு ஆறு மணி நேரம் நின்றால் அந்தக் கடை உங்களுக்குப் பின்னால் வரும் எந்த மாணவருக்கும் கிடைக்காது.

நடிக்க ஆள்? க்ளாஸ்மேட்டையே அப்பாவாக, தாத்தாவாக டால்கம் பவுடர் போட்டு நரை வைத்து நடிக்க வைக்காதீர்கள். அறுபது வயது வேடத்துக்கு அறுபது வயதுக்காரர் வேண்டும், உங்கள் அபார்ட்மென்ட்டிலேயே இருப்பார், கேட்டுப் பாருங்கள், பலருக்கும் நடிக்கக் கொள்ளை ஆசை இருக்கிறது. நாடகங்களுக்குப் போங்கள். 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழுவிலிருந்து எத்தனை நடிகர்கள் சினிமாவுக்கு வந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சென்னையில் இன்னும் சின்னச் சின்ன நாடகக் குழுக்கள் இருக்கின்றன, நாடகம் முடிந்ததும் பின்னால் போய் உங்கள் கதையைச் சொல்லுங்கள். சம்பளம் கொடுக்க முடியாவிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், வண்டிச் செலவையாவது கையில் கொடுங்கள், முடித்த படத்தை அவருக்கு அனுப்புங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம், நடித்தவர் ஆறு மாதம் கழித்து "என்னாச்சு தம்பி நம்ம படம்" என்று கேட்கும்போது முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்போம்.

ஒத்திகைக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். "சோகமா சொல்லுங்க" என்று சொல்லாதீர்கள். நடிப்பவரிடம் ஒரு வேலையைக் கொடுங்கள்: வெங்காயம் உரித்துக்கொண்டே பேசுங்கள், பேசும்போது அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், கடைசி வார்த்தைக்கு மட்டும் நிமிர்ந்து பாருங்கள். மற்றதை அவரே பார்த்துக்கொள்வார்.

ஷூட்டிங் அன்றைக்கு

முந்தின நாள் ராத்திரி ஷாட் லிஸ்ட் எழுதி, எடுக்கும் வரிசையில் அடுக்குங்கள். கதை வரிசையில் எடுக்க வேண்டியதில்லை. கேமரா ஜன்னல் பக்கம் பார்க்கும் ஷாட்டுகளை எல்லாம் ஒன்றாக முடித்துவிட்டு அப்புறம் எதிர்ப்பக்கம் திரும்புங்கள், ஒவ்வொரு தடவை கேமரா திரும்பும்போதும் லைட்டை மாற்ற அரை மணி நேரம் போகும். ஒரு நாளைக்கு இருபது ஷாட் எடுக்க முடிந்தால் நல்ல நாள். லிஸ்டில் எது இல்லாவிட்டால் படமே இல்லை என்று ஐந்து ஷாட்டுக்கு நட்சத்திரம் போட்டு, அவற்றை மத்தியானத்துக்குள் எடுத்துவிடுங்கள்.

வெளிச்சம். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது, ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு வந்துவிடும். அந்த மத்தியான வெயிலில் எடுத்தால் கண்குழி கறுத்து, மூக்கு நிழல் மீசை மாதிரி விழுந்து, எந்த முகமும் பார்க்க நன்றாக இருக்காது. காலை ஆறிலிருந்து எட்டரை, சாயங்காலம் நாலரையிலிருந்து ஆறு, வெளிக்காட்சிகளை இதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வீட்டுக்குள் வாருங்கள்.

வீட்டுக்குள் லைட் வாடகைக்கு எடுக்கக் காசு இல்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். சுப்ரதா மித்ரா என்ற ஒளிப்பதிவாளரைப் பற்றிப் படியுங்கள். சத்யஜித் ராயின் முதல் படத்துக்கு வரும்போது அவருக்கு இருபத்தொரு வயதுதான், அதற்கு முன் மூவி கேமராவைக் கையாண்டதே இல்லை. 1956-ல் வந்த 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீட்டு முற்றம் ஒன்றைக் கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் செட்டாகப் போட வேண்டி வந்தது. மேலே திறந்த முற்றத்தில் விழும் நிழலில்லாத பகல் வெளிச்சம் ஸ்டுடியோ லைட்டில் வராது. அவர் செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, லைட்டுகளைக் கீழேயிருந்து அந்தத் துணியின் மேல் அடித்து, துணியிலிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தில் படம்பிடித்தார். நாம் தெர்மாகோல் பிடித்துக்கொண்டு நிற்பதும் இதே வேலைதான். ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல், ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், போதும். ஆளை ஜன்னலுக்கு நேராக நிறுத்தாமல் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். வெயில் நேராக உள்ளே அடித்தால் ஜன்னலில் ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். கிராமத்தில் எடுத்த என் மூன்றாவது படம் முழுக்க இந்த வேட்டியிலும் இரண்டு தெர்மாகோலிலும் ஒப்பேற்றியதுதான், இன்றைக்கும் அந்தப் படத்தின் வெளிச்சத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

கேமரா போனாக இருந்தாலும் பரவாயில்லை, ஆட்டோ மோடில் (எல்லாவற்றையும் தானே மாற்றிக்கொள்ளும்படி) மட்டும் விடாதீர்கள். பிளாக்மேஜிக் கேமரா என்று ஒரு ஆப் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் எல்லாவற்றையும் நாமே பூட்டிவைக்கலாம். நொடிக்கு 24 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி, வைட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறத்துக்கான செட்டிங்) ஒரே எண்ணில். ஏன் 1/50? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல லைட்டுகள் நொடிக்கு நூறு தடவை மினுக்குகின்றன, கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் 1/60-க்குப் போனால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். அதை எடிட்டில் சரிசெய்வது பெரும்பாடு. வெளியே வெயிலில் 1/50 வைத்தால் வெளுத்துப்போகும், அதற்கு ஒரு என்.டி. ஃபில்டர் (லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) வாங்குங்கள், இல்லாவிட்டால் நிழலுக்குப் போங்கள்.

இருவர் பேசும் காட்சியில் ஒருவரிலிருந்து இன்னொருவர் வரை தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு கேமராவைக் கோட்டின் ஒரே பக்கத்தில் வையுங்கள். கோட்டைத் தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பது போல ஆகிவிடும். பிறகு தாண்டலாம், வேண்டுமென்றே தாண்டலாம், இப்போது வேண்டாம்.

இனி சவுண்ட். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் முடிக்காமல் விட்ட படங்களில் பெரும்பாலானவை இங்கேதான் செத்தன. என் முதல் படத்தில் அம்மாவும் மகளும் சமையலறையில் பேசும் சீன். இரண்டு பேரும் அவ்வளவு நன்றாக நடித்தார்கள். ரூமுக்கு வந்து ஹெட்ஃபோன் மாட்டினால் வசனத்தைவிட ஃபேன் சத்தம்தான் பெரிதாக இருந்தது, ஃப்ரிட்ஜ் வேறு உறுமிக்கொண்டிருந்தது. டப்பிங் செய்யலாம் என்றால் மகளாக நடித்தவர் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார். அந்தப் படம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே ஷாட்டுக்கு முன் ஃபேனை அணையுங்கள், ஃப்ரிட்ஜை அணையுங்கள். அணைத்த ஃப்ரிட்ஜுக்குள் உங்கள் பைக் சாவியை வைத்துவிடுங்கள், கிளம்பும்போது சாவியைத் தேடி ஃப்ரிட்ஜைத் திறப்பீர்கள், திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். அந்த வீட்டு அம்மாவின் மாவும் பாலும் கெடாது. போனில் இருக்கும் மைக்கை நம்பாதீர்கள், அது ஆறடி தள்ளி இருக்கிறது. மைக் வாய்க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். வாடகைக்கு மைக் கிடைக்காவிட்டால் இன்னொரு போனில் ஒயர் இயர்ஃபோனைச் செருகி, அதன் மைக்கை நடிகரின் சட்டைக்குள் டேப் போட்டு ஒட்டி, போனைப் பாக்கெட்டில் வைத்து ரெக்கார்டிங்கை ஓட விடுங்கள். தொடக்கத்தில் கேமரா முன்னால் ஒரு தடவை கை தட்டுங்கள், எடிட்டில் அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் சத்தத்தையும் பொருத்திக்கொள்ளலாம். ரெக்கார்டர் இருந்தால் அதன் செட்டிங்கில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வையுங்கள், பேச்சு உச்சத்தில் மீட்டர் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். யாராவது ஒருவர் ஷாட் முழுவதும் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவர் "காக்கா கத்துது, ஒன் மோர்" என்றால் டைரக்டர் கோபப்படக் கூடாது.

ஒவ்வொரு இடத்தை விட்டுக் கிளம்பும் முன்பும் எல்லோரையும் அப்படியே நிற்கச் சொல்லி முப்பது நொடி அந்த அறையின் மௌனத்தை ரெக்கார்ட் செய்யுங்கள். வசனங்களுக்கு நடுவே வெட்டின இடங்களில் ஒட்டுப்போட அது வேண்டும். வெறும் நிசப்தத்தை வைத்தால் காது அடைத்துக்கொண்டது போல இருக்கும்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. மாணவர் படத்தின் பட்ஜெட்டில் பெரிய செலவு அதுதான், அதைக் குறைக்காதீர்கள். யாரும் காசு வாங்காமல் வேலை செய்கிறார்கள். காலையில் இட்லி நேரத்துக்கு வர வேண்டும், பதினொன்றுக்கு டீ, ஒன்றரைக்குள் சாப்பாடு. தெர்மாகோல் பிடிப்பவருக்கும் நடிப்பவருக்கும் ஒரே சாப்பாடு. ராத்திரி ஷூட்டிங் என்றால் பெண்கள் எப்படி வீட்டுக்குப் போவார்கள் என்பதைக் கால்ஷீட்டிலேயே (அன்றைய ஷூட்டிங் விவரத்தை எல்லோருக்கும் சொல்லும் தாளிலேயே) எழுதுங்கள், கடைசி நிமிஷத்தில் யோசிக்காதீர்கள். தூக்கம் சொக்க விடியற்காலை பைக் ஓட்டிக்கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம், லொகேஷனிலேயே இரண்டு மணி நேரம் படுத்துவிட்டுப் போகலாம்.

கார்டும் எடிட்டும்

ஷூட்டிங் முடிந்தது, பேக்கப் என்று சொன்னதும் முதல் வேலை கார்டில் இருப்பதைக் காப்பி எடுப்பது. நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும், அதைக் கணக்கு வைத்து இடம் காலியாக இருக்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, இரண்டிலும் நான்கைந்து ஷாட்டைத் திறந்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டும், அதையும் ஒரே ஒருவர்தான் செய்ய வேண்டும். எங்கள் க்ளாஸில் ஒரு நாள் முழு வேலையும் "நீ எடுத்துட்டேன்னு நினைச்சேன்" என்ற ஒரு வாக்கியத்தில் போனது. இரண்டு டிஸ்க்கையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

எடிட்டை முதல் வருஷம் நீங்களே செய்யுங்கள். பாலு மகேந்திரா தன் படங்களுக்கு ஒளிப்பதிவும் எடிட்டிங்கும் தானே செய்தவர். எதை எடுக்காமல் விட்டோம், எதை வீணாக எடுத்தோம் என்பது மேசையில் உட்கார்ந்தால்தான் உறைக்கும், அடுத்த ஷூட்டிங்கில் கை தானாகத் திருந்தும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு இதற்குப் போதும். லேப்டாப் திணறினால் ப்ராக்ஸி ஃபைல் (அதே ஷாட்டின் சின்ன அளவு நகல்) உருவாக்கி அதில் வெட்டுங்கள்.

முதலில் எல்லா டேக்கையும் ஒரு தடவை முழுக்கப் பாருங்கள், "கட்" சொன்னதற்குப் பின்னால் இருக்கும் நொடிகளையும் சேர்த்து. நடிப்பு முடிந்தது என்று நினைத்து ஆள் மூச்சு விடும் அந்த நொடியில் பல சமயம் நல்ல முகம் கிடைக்கும். நடிப்பே இல்லாத ஒரு முகத்துக்குப் பக்கத்தில் சூப்புக் கிண்ணம் வைத்தால் பசியாகவும், சவப்பெட்டி வைத்தால் துக்கமாகவும் பார்ப்பவர்களுக்குத் தெரியும் என்று ரஷ்யாவின் லெவ் குலெஷோவ் நூறு வருஷத்துக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறார். நீங்களும் ஒரு நண்பரின் முகத்தை வைத்து ஒரு மத்தியானத்தில் செய்து பார்க்கலாம். அதைச் செய்த பிறகு நடிகரிடம் "இன்னும் கொஞ்சம் எமோஷன்" என்று கேட்பது பாதியாகக் குறையும்.

முதல் கட் ஐந்து நிமிடம் வரும். ஒரு வாரம் தொடாதீர்கள். வாரம் கழித்து ஒவ்வொரு ஷாட்டின் தலையிலும் வாலிலும் எவ்வளவு வெட்டலாம் என்று பாருங்கள். கதவைத் திறந்து, உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியில் உட்காருவதெல்லாம் வேண்டாம், உட்கார்ந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். மாசக்கணக்கில் மனப்பாடமான உங்களுக்கு எது புரிகிறது, புதிதாகப் பார்ப்பவருக்கு எது புரியும் என்பது வேறு வேறு, அதைக் கண்டுபிடிக்கத்தான் காட்ட வேண்டும். மியூசிக்குக்கு இளையராஜா பாட்டைப் போட்டு வெட்டிப் பழகிவிடாதீர்கள், பிறகு அதை எடுத்தால் காட்சியே காலியாகத் தெரியும், எடுக்காவிட்டால் உரிமை இல்லாமல் எங்கேயும் போட முடியாது. உங்கள் காலேஜிலோ பக்கத்துக் காலேஜிலோ கீபோர்டு வாசிக்கிற ஒருவர் இருப்பார், அவருக்கும் முதல் படம் தேவைப்படும்.

காட்டுவது

முடித்த அன்று ராத்திரியே யூடியூபில் போட்டுவிடக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஆன்லைனில் வெளியான படத்தை எடுத்துக்கொள்ளாத விழாக்கள் நிறைய இருக்கின்றன, விதிமுறையைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். திருவனந்தபுரத்தில் ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் தனியாக ஒரு விழா நடக்கிறது, மும்பையில் 1990-லிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் விழாவும் உண்டு. எல்லா இடத்துக்கும் காசு கட்டி அனுப்பாதீர்கள், உங்கள் படம் போன்ற படங்களை அங்கே போடுகிறார்களா என்று போன வருஷத்துப் பட்டியலைப் பார்த்து அனுப்புங்கள். தேர்வானால் டி.சி.பி. (தியேட்டரில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் வடிவம்) கேட்கலாம், டிசிபி-ஓ-மேட்டிக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே செய்துகொள்ளலாம், 24 ஃப்ரேமில் எடுத்திருந்தால் அப்போது வேலை சுலபம். சப்டைட்டிலை மட்டும் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள், இரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு க்ளாஸ் ரூமையோ மொட்டை மாடியையோ பிடித்து, ஒரு ப்ரொஜெக்டர், ஒரு நல்ல ஸ்பீக்கர் வைத்துப் படத்தைப் போடுங்கள். உங்கள் நண்பர்கள் மட்டும் வேண்டாம், மெஸ் அண்ணன், செக்யூரிட்டி தாத்தா, பி.காம். படிக்கும் பக்கத்து ரூம்காரர் எல்லோரையும் கூப்பிடுங்கள். முன்னுரை எதுவும் சொல்லாதீர்கள், "பட்ஜெட் இல்லை, டைம் இல்லை" என்று எந்தச் சாக்கையும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். படம் ஓடும்போது நீங்கள் திரையைப் பார்க்கக் கூடாது. பக்கவாட்டுச் சுவரில் சாய்ந்து நின்று அவர்கள் முகத்தைப் பாருங்கள். கையில் நோட்டு இருக்கட்டும். ஒருவர் போனை எடுக்கும் நிமிடத்தைக் குறியுங்கள், நாற்காலியில் நகர்ந்து உட்காரும் நிமிடத்தைக் குறியுங்கள், எதிர்பார்க்காத இடத்தில் சிரித்தால் அதையும். முடிந்ததும் "எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள், நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். "என்ன நடந்துச்சுண்ணா கதையில, கொஞ்சம் சொல்லுங்க" என்று கேளுங்கள். என் நான்காவது படத்தை அப்படிப் போட்டபோது மெஸ் அண்ணன் கதையை அழகாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், அந்தப் பெண் ஏன் டிபன் பாக்ஸைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்தாள் என்ற இடத்தில் நின்றுவிட்டார். என் நோட்டிலும் அதே இடத்தில், 1:50-ல், இரண்டு பேர் போனைத் தொட்டதாகக் குறித்திருந்தேன். அன்று ராத்திரி ரூமுக்குப் போய் டைம்லைனைத் திறந்து, பயன்படுத்தாமல் ஒதுக்கி வைத்திருந்த ஒரு குளோசப்பை, அவள் கை மூடியின் மேல் தயங்கி நிற்கும் நாலு நொடியை, அங்கே செருகினேன். வியாழக்கிழமை மறுபடி அதே மாடியில் போட்டோம்.